கிராம சபைல எங்க நர்சம்மா விஷயத்தை பேசப் போறோம், கொரோனா டைம்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலையடி_பென்னாகரம்

எல்லாருக்கும் வணக்கம். நான் பென்னாகரம் பக்கம், மலையை ஒட்டின கிராமம், ஊர் பேர் இங்க வேண்டாம். அடுத்த கிராம சபைல எங்க துணை சுகாதார நிலையம் பத்தி பேசணும்னு நாங்க நாலஞ்சு பசங்க முடிவு பண்ணிருக்கோம், சும்மா போய் கத்திட்டு வராம விஷயம் தெரிஞ்சு பேசணும்ல, அதுக்குத்தான் கேக்குறேன்.

2020ல கொரோனா வந்தப்ப எங்க ஊர் நர்சம்மாவை முதல்ல செக்போஸ்ட்ல டெம்பரேச்சர் பாக்க போட்டாங்க, அப்புறம் காய்ச்சல் முகாம், அடுத்த வருஷம் தடுப்பூசி முகாம்னு மாத்தி மாத்தி அனுப்பிட்டே இருந்தாங்க. எங்க ஊருக்கு எப்ப வருவாங்கன்னே தெரியாது. பஸ்சும் ஓடல. எங்க பெரியம்மா பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க, மாசாமாசம் நர்சம்மாதான் சொல்லி வாங்கிக் கொடுப்பாங்க, அது நின்னுபோச்சு, ஒருநாள் காலைல பல்லு வெளக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, வலது கை கால் வரல. இன்னைக்கும் திண்ணைலதான் உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு கொரோனா வரவே இல்ல.

நர்சம்மா மேல எனக்கு கோவம் இல்லங்க, அவங்க நல்லவங்க, அந்த வெயில்ல அவங்க பட்ட பாடு நாங்க பாத்தோம். எனக்கு கேள்வி என்னன்னா இது எங்க ஊர்ல மட்டும்தானா இல்ல எல்லா பக்கமும் இப்படித்தானா, ஆஸ்பத்திரி உள்ள இருந்த நர்ஸ்களுக்கு என்ன நடந்துச்சு, நாளைக்கு இன்னொரு நோய் வந்தா மறுபடியும் இதே மாதிரி ஆகாம இருக்க கிராம சபைல என்னன்னு கேக்கலாம். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க, நாங்க பிரிண்ட் எடுத்துட்டுப் போவோம்.

மலைச்சேவை_நர்சம்மா

தம்பி, நான் ரிட்டயர் ஆன வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார நர்ஸ். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்து மலை ஊர்கள்லதான் என் சர்வீஸ்ல பெரும்பகுதி போச்சு. உங்க பெரியம்மா விஷயம் படிச்சு மனசு கஷ்டமாயிருச்சுப்பா. எல்லா பக்கமும் இதேதான் நடந்துச்சு. நீ கேட்டதால ஆரம்பத்துல இருந்தே சொல்றேன்.

சமவெளின்னா 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைன்னா 3,000 பேருக்கு ஒண்ணு, இதுதான் கணக்கு. கேக்க 3,000 கம்மியா தெரியும், ஆனா அந்த 3,000 பேர் ஒரே தெருவுலயா இருக்காங்க, ஒரு கொட்டாய்க்கும், அதாவது சின்ன குடியிருப்புக்கும், இன்னொரு கொட்டாய்க்கும் நடுவுல காடு, யானை நடமாட்டம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல தனியா வர முடியாது. இதுக்குள்ள கர்ப்பிணி பதிவு பண்ணணும், 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணி பிக்மிங்கிற கர்ப்பிணி பதிவு நம்பர் வாங்கணும், அப்பதான் கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து உதவி, பணமும் ஊட்டச்சத்து பெட்டகமும் சேத்து 18,000 ரூபாய்க்கு வரும். ரத்தம் எவ்வளவு இருக்குன்னு, அதாவது ஹீமோகுளோபின், பாக்கணும், இரும்பு சத்து மாத்திரை கொடுக்கணும், கொடுத்தா போதாது அது சாப்பிடுதா கூரைல சொருகி வச்சிருக்கான்னு பாக்கணும். புதன்கிழமை குழந்தைங்க ஊசி. சுகர், பிரஷர். குடும்பக்கட்டுப்பாடு. இது போக ரிஜிஸ்டர் எழுதி கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை.

இப்ப 2020 மார்ச்சுக்கு வா. ஊரடங்கு போட்டதும் பெங்களூர்ல கட்டட வேலைக்கு, கம்பெனி வேலைக்கு போன நம்ம சனம் எல்லாம் திரும்பி வந்துச்சு. வண்டி கிடைச்சவங்க வண்டில, கிடைக்காதவங்க காட்டு வழியா நடந்தே வந்தாங்க. வந்தவங்க லிஸ்ட் எடு, வீட்டுல ஸ்டிக்கர் ஒட்டு, காலைலயும் சாயங்காலமும் போய் காய்ச்சல் இருக்கான்னு பாருன்னு உத்தரவு. ஏப்ரல் கடைசில மத்திய அரசு மண்டலம் பிரிச்சப்ப தமிழ்நாட்டுலயே கிருஷ்ணகிரி மட்டும்தான் பச்சை மண்டலம், ஞாபகம் இருக்கா? அதனால எங்க ஊர்ல ‘நோயே இல்லாத எடத்துல நீ எதுக்கும்மா வந்து வந்து கேக்குற, நீதான் ஊர் ஊரா சுத்தி கொண்டாந்து விடுவ’ன்னு கதவை சாத்தினாங்க. பத்து பதினஞ்சு வருஷமா என் கையால ஊசி போட்டு வளந்த புள்ளைங்க வீட்டுல சொம்பு தண்ணி கொடுக்க யோசிச்சாங்க. அவங்க பயம் அவங்களுக்கு, நான் குறை சொல்லல. ஆனா அன்னைக்கு ரொம்ப வலிச்சுது.

இந்த வேலை எல்லாம் புதுசா வந்துச்சே, பழைய வேலைக்கு ஆள் போட்டாங்களான்னா இல்ல. ஒரே ஆள்தான். எங்க பக்கம் ஊரடங்கு ஆரம்பத்துல புதன்கிழமை ஊசியே சில வாரம் நின்னுபோச்சு. குழந்தைக்கு ஒன்றரை மாசம், இரண்டரை மாசம், மூன்றரை மாசம்னு அஞ்சு நோய்க்கான ஊசி இருக்கு, ஒம்பது மாசத்துல தட்டம்மை ஊசி இருக்கு, அந்த தேதி தவறின புள்ளைங்களை அப்புறம் ஒவ்வொண்ணா தேடிப் பிடிக்கணும். அம்மாக்காரி வேற ஊருக்கு போயிருப்பா, அட்டையை தொலைச்சிருப்பா. உலகம் பூராவும் அந்த 2020ல மட்டும் 2 கோடியே 30 லட்சம் குழந்தைங்க வழக்கமான தடுப்பூசியை தவற விட்டாங்கன்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்னாங்க. அந்த நம்பரை பேப்பர்ல படிச்சப்ப எனக்கு என் ரிஜிஸ்டர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

இன்னொரு விஷயம், இதை கிராம சபைல பேசுவியா மாட்டியான்னு தெரியல ஆனா சொல்லணும். பள்ளிக்கூடம் மூடின காலத்துல தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பதினாறு பதினேழு வயசு பொண்ணுங்களுக்கு கமுக்கமா கல்யாணம் பண்ணி வச்சாங்க. முன்னாடின்னா நான் வாரம் ஒரு தடவை அந்த தெருவுல நடப்பேன், ஒரு பொண்ணு ரெண்டு வாரமா கண்ணுல படலன்னா பக்கத்து வீட்டு கிழவிகிட்ட கேட்டாலே விஷயம் வந்துரும், குழந்தைகள் உதவி எண் 1098க்கு சொல்லி எத்தனையோ நிறுத்திருக்கோம். நான் செக்போஸ்ட்ல உக்காந்திருந்தா அந்த தெரு எனக்கு எப்படி தெரியும்? அப்புறம் மாசமா இருக்குன்னு ஆனப்புறம் போலீஸ் கேஸ் ஆயிரும்னு பயந்து பதிவே பண்ணாம வீட்டுலயே ஒளிச்சு வச்சாங்க. ரத்த அளவு ஆறு ஏழுதான் இருக்கும் அந்த புள்ளைங்களுக்கு, ரொம்ப கம்மி. பிரசவ வலி வந்தப்புறம்தான் 108க்கு போன் போகும்.

நர்சம்மான்னா ஊசி போடுறவன்னு நெனைக்கிறாங்க. ஊருக்குள்ள நடக்குறதுதான் அவ வேலைல பாதி. அந்த நடையை நிறுத்தினா என்ன ஆகும்னு 2020ல பாத்தோம்.

வார்டு_சிஸ்டர்

அம்மா எழுதினதை படிச்சிட்டு கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் தர்மபுரி மாவட்டத்துல அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம்னு பாக்குறேன். 2020லயும் 2021லயும் கொரோனா வார்டுல இருந்தேன். தம்பி உள்ள என்ன நடந்துச்சுன்னு கேட்டதால எழுதுறேன்.

முதல் அலைல பயம் அதிகம், வேலை ஓரளவு சமாளிக்கிற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது அலை, அதாவது 2021 மே மாசம், அது வேற. தொத்து வராம உடம்பு முழுக்க மூடுற பிபிஇ டிரெஸ் போட்டுட்டு உள்ள போனா வெளிய வர்ற வரைக்கும் தண்ணி கிடையாது பாத்ரூம் கிடையாது, அக்னி நட்சத்திர வெயில், ஏசி போடக்கூடாது, அரை மணி நேரத்துல உள்ள போட்டிருக்கிற துணி பிழியுற அளவு நனைஞ்சிரும், கண்ணாடி மூடி பனி படிஞ்சு நரம்பு தெரியாது, ரெண்டு கிளவுஸ் போட்ட விரல்ல நாடி தெரியாது. பீரியட்ஸ் டைம்ல உள்ள இருந்த சிஸ்டர்ஸ் பட்ட கஷ்டத்தை நான் இங்க எழுதல. எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளையா இருப்போம், பேஷன்ட்டுக்கு யார் யாருன்னே தெரியாது, அதனால நெஞ்சுல மார்க்கர்ல பேர் எழுதிக்குவோம்.

படுக்கை போட்டாங்க, ஆக்சிஜன் பைப் இழுத்தாங்க, மெஷின் வந்துச்சு, எல்லாம் உண்மை, நல்லதுதான். ஆனா படுக்கை கூடின அளவுக்கு கைகள் கூடல. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி ஐசியூல ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பொது வார்டுல மூணு பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கணும். அந்த மே மாசம் நைட் டியூட்டில அந்த கணக்கை யாரும் வாய்ல எடுக்கல.

ஆக்சிஜன் கணக்கு சொல்றேன், இது சாதாரண ஆளுக்கும் தெரிஞ்சிருக்கணும். பெரிய சிலிண்டர் ஒண்ணு சுமார் 7,000 லிட்டர். பை வச்ச மாஸ்க் போட்ட பேஷன்ட்டுக்கு நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடும். அப்ப ஒரு சிலிண்டர் ஒரு ஆளுக்கு எட்டு மணி நேரம் கூட வராது. மூக்கு வழியா ஹை ஃப்ளோ கொடுக்குற மெஷின்ல 60 லிட்டர் வச்சா ரெண்டு மணி நேரத்துல காலி. சிலிண்டர் எப்ப தீரும்னு கணக்கு போட்டு, தீர்றதுக்கு முன்னாடி அடுத்ததை உருட்டிட்டு வர வைக்கிறது யார்? நர்ஸ்தான். மாத்திரை நேரம், ஊசி நேரம், சுகர் பாக்குற நேரம் எல்லாத்துக்கும் நடுவுல மண்டைல இந்த கடிகாரம் ஓடிட்டே இருக்கும்.

நிறைய பேர் எப்படி இறந்தாங்க தெரியுமா, பாத்ரூம் போறதுக்கு மாஸ்க்கை கழட்டிட்டு நாலு அடி நடந்தாங்க, உயிர் போயிருச்சு. படுத்திருக்கிறப்ப ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 92 காட்டும், எந்திரிச்சு நடந்தா 70க்கு விழுந்துரும், அவங்களுக்கே தெரியாது, நல்லாதான் பேசிட்டு இருப்பாங்க. ‘ஐயா எந்திரிக்காதீங்க, நான் பெட்பேன் வைக்கிறேன்’னு சொன்னா நம்ம ஊர் பெரியவங்களுக்கு கூச்சம், பொம்பள புள்ள கையால எப்படின்னு. அந்த நேரத்துல பக்கத்துல நிக்க ஆள் இருந்தா ஒரு உயிர் நிக்கும், இல்லன்னா இல்ல. குப்புற படுக்க வைக்கிறதும் அப்படித்தான், எடை அதிகமான ஒருத்தரை டியூப் எல்லாம் கழண்டுராம திருப்பணும்னா மூணு நாலு பேர் வேணும். மருந்து மாதிரியே அதுவும் வேலை செய்யும், ஆக்சிஜன் ஏறும், கண்ணால பாத்திருக்கோம். திருப்ப ஆள் இல்லன்னா அந்த வைத்தியமே இல்லன்னு அர்த்தம்.

கூட இருக்க சொந்தக்காரங்களை விட மாட்டாங்க. அதனால சோறு ஊட்டுறது, தலை வாரி விடுறது, வீட்டுக்கு வீடியோ கால் போட்டு காட்டுறது எல்லாம் நாங்கதான். கடைசில இறந்தவங்க உடலை பேக் பண்றதும் நாங்கதான்.

காரிமங்கலத்தான்

மன்னிக்கணும், எல்லாரும் நர்ஸ் பத்தி உயர்வா எழுதுறீங்க, நானும் ஒரு விஷயம் சொல்லணும். எங்கப்பாவை 2021ல ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம், எதுன்னு சொல்லல. எங்களை உள்ள விடல. போன் எடுத்துட்டு போனாரு, முதல் நாள் பேசினாரு, தண்ணி கேட்டா யாரும் வரலன்னு சொன்னாரு, பக்கத்து பெட்ல ஒருத்தர் இறந்து ரொம்ப நேரமா அப்படியே கிடக்குறார்னு சொன்னாரு. மறுநாள் போன் சுவிட்ச் ஆஃப். கவுன்ட்டர்ல கேட்டா நல்லா இருக்காருன்னாங்க. அடுத்த நாள் பாடி வாங்கிக்கன்னு கூப்பிட்டாங்க. மூஞ்சியை கூட முழுசா பாக்க விடல. கவனிச்சிருந்தா பொழைச்சிருப்பாருன்னு இன்னைக்கும் எங்கம்மா சொல்லுது. சண்டை போட இதை எழுதல, கேக்கணும்னுதான் எழுதுறேன், அந்த ஒரு ராத்திரி அவருக்கு தண்ணி கொடுக்க ஏன் ஆள் இல்ல?

வார்டு_சிஸ்டர்

அண்ணா, உங்க கேள்வி நியாயமான கேள்வி. அதுக்கு நான் எந்த சமாதானமும் சொல்லப் போறதில்ல. எல்லா நர்ஸும் சாமின்னு நானும் சொல்லல, எரிஞ்சு விழுந்தவங்க இருந்தாங்க, கிட்ட போக பயந்தவங்களும் இருந்தாங்க.

உங்கப்பா இருந்த வார்டுல நான் இல்ல, அங்க என்ன நடந்துச்சுன்னு எனக்கு தெரியாது. என் வார்டுல ஒரு ராத்திரி எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன். ஒரு மூலைல ஒருத்தருக்கு ஆக்சிஜன் இறங்கும், அங்க ஓடுவோம், அங்க நிக்கும்போதே இன்னொரு மூலைல சிலிண்டர் ஊதல் சத்தம் மாறும், அதுக்கு ஓடுவோம். நடுவுல மூணு பேர் ‘சிஸ்டர் தண்ணி’ன்னு கை தூக்குவாங்க. தண்ணி கேக்குறவர் பேசுறார், மூச்சு விடுறார், அதனால அவர்கிட்ட அப்புறம் போலாம்னு மனசு கணக்கு போடும். அப்புறம்னு நெனச்சது ஒரு மணி நேரம் ஆயிரும். இறந்தவரை பேக் பண்ண ரெண்டு பேர் அரை மணி நேரத்துக்கு மேல ஒதுங்கணும், அந்த அரை மணி நேரம் உயிரோட இருக்கிறவங்களுக்கு நர்ஸ் இல்ல, அதனாலதான் பல இடத்துல உடல் அப்படியே கிடந்துச்சு. பக்கத்து பெட்ல படுத்திருக்கிற மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமைன்னு எங்களுக்கும் தெரியும். கொரோனா வார்டுல ஆள் பத்தாம இருந்ததுக்கு விலை கொடுத்தது உங்கப்பா மாதிரி ஆளுங்கதான், அதைத்தான் சபைல சொல்லணும்னு நான் சொல்றேன். நல்லா இருக்காருன்னு கவுன்ட்டர்ல சொன்னதுக்கு யாரோ பொறுப்பு எடுத்திருக்கணும், உள்ள இருந்து வெளிய தகவல் சொல்றதுக்குன்னே ஒரு ஆளை போட்டிருக்கணும், அதை நோயாளி குடும்பம் கேக்குறதுக்கு உரிமை இருக்கு.

உங்கம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, அவங்க கேக்குறதுல தப்பே இல்ல.

காரிமங்கலத்தான்

நன்றிம்மா. இத்தனை வருஷத்துல இப்படி யாரும் பதில் சொல்லல. அம்மாகிட்ட படிச்சு காட்டுறேன்.

ஓசூர்_நைட்ஷிப்ட்

நான் ஓசூர்ல தனியார் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தேன், இப்ப வேற ஊர்ல இருக்கேன். அரசு பக்கம் பேசினாங்க, எங்க பக்கமும் கொஞ்சம் சொல்லிக்கிறேன். பெங்களூர்ல பெட் இல்லன்னு கர்நாடக எல்லை அத்திப்பள்ளி தாண்டி இங்க வந்தாங்க, இங்க இல்லன்னு கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம்னு அதே ஆம்புலன்ஸ்ல அலைஞ்சாங்க, காருக்குள்ளயே ஆக்சிஜன் அளவு பாத்து திருப்பி அனுப்ப வேண்டிய நிலைமை, அதை சொல்ல வேண்டியது வாசல்ல நிக்கிற நர்ஸ். அந்த முகங்க எல்லாம் இன்னும் தூக்கத்துல வரும்.

நான் இருந்த இடத்துல முதல் ஊரடங்குல கேஸ் இல்லன்னு பாதி சம்பளம். ரெண்டாவது அலைல டபுள் டியூட்டி, சம்பளம் அதே. ஹாஸ்டல் ஓனர் கொரோனா வார்டு நர்ஸுன்னு தெரிஞ்சதும் ரூமை காலி பண்ண சொல்லிட்டாங்க, ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம்ல பாய் விரிச்சு படுத்தோம். எங்க செட்ல படிச்சதுல பாதி பேர் இப்ப வளைகுடாவுலயும் லண்டன்லயும் இருக்காங்க, ஜெர்மன் படிச்சிட்டு இருக்கிறவங்களும் உண்டு. போனவங்களை யாரும் குத்தம் சொல்லாதீங்க. உலக சுகாதார நிறுவனம் 2020ல போட்ட அறிக்கைல உலகம் பூரா 59 லட்சம் நர்ஸ் பற்றாக்குறைன்னு சொன்னாங்க, பணக்கார நாட்டுக்கு பத்தலன்னா எங்க இருந்து எடுப்பாங்க, நம்ம ஊர் பொண்ணுங்களைத்தான்.

அரசுல ஒப்பந்த நர்ஸ் கதையும் தெரிஞ்சுக்கோங்க தம்பி. 2015ல எம்ஆர்பி, அதாவது அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், வச்ச பரீட்சை எழுதி வந்தவங்களுக்கு மாசம் 7,700 ரூபாய், அப்புறம் 14,000 ஆச்சு. கொரோனா அவசரத்துக்குன்னு 2020ல எடுத்த ஒப்பந்த நர்ஸ்கள் 2,300 பேருக்கு மேல 2022 டிசம்பர் 31ஓட பணி நீட்டிப்பு இல்லன்னு ஆயிருச்சு, சேலத்துல எல்லாம் போராட்டம் நடந்துச்சு, அப்புறம் 18,000 சம்பளத்துல வேற திட்டத்துல மாற்று வேலை தர்றதா சொன்னாங்க. நோய் வந்தா கூப்பிடு, போனா அனுப்புன்னு வச்சா அடுத்த தடவை கூப்பிடும்போது அனுபவம் உள்ளவங்க எங்க இருப்பாங்க? வென்டிலேட்டர் பாக்க கத்துக்கிட்ட ஒரு நர்ஸ் உருவாக எவ்வளவு காலம் ஆகும்னு வார்டுல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

நர்ஸ் தங்கச்சிங்க யாராவது படிச்சா ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க. கொரோனா பணில இறந்தா 50 லட்சம் காப்பீடுன்னு 2020ல மத்திய அரசு அறிவிச்சது தனியாருக்கும் ஒப்பந்தத்துக்கும் சேத்துதான். ஆனா கொரோனா டியூட்டி பாத்தாங்கன்னு ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டியிருந்துச்சு. எங்க இடத்துல டியூட்டி எல்லாம் வாட்ஸ்அப்ல வரும், வாய்ல சொல்வாங்க. டியூட்டி ஆர்டரை எழுத்துல கேளுங்க, டியூட்டி லிஸ்ட்டை (ரோஸ்டர்) போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைங்க. இது எந்த நோய்க்கும் பொருந்தும்.

டிபி_களப்பணி

சின்ன விஷயம் ஒண்ணு சேத்துக்கிறேன். நான் காசநோய் பிரிவுல ஃபீல்டு வேலை. சளி டெஸ்ட் பண்ற ட்ரூநாட், சிபிநாட் மெஷினுங்க கொரோனா டெஸ்டுக்கு போயிருச்சு, ஆளுங்களும் போயிட்டாங்க. இந்தியாவுல 2019ல 24 லட்சம் டிபி கேஸ் பதிவாச்சு, 2020ல 18 லட்சம்தான். நோய் குறையல, கண்டுபிடிக்க ஆள் இல்ல. இருமல்னாலே கொரோனான்னு ஒதுக்கி வச்சிருவாங்கன்னு நம்ம கல்குவாரி ஆளுங்க, செங்கல் சூளை ஆளுங்க எல்லாம் இருமலை மறைச்சாங்க. ஆறு மாசம் விடாம சாப்பிட வேண்டிய மாத்திரை, நடுவுல விட்டவங்க அடுத்த வருஷம் எலும்பும் தோலுமா வந்தாங்க. உங்க ஊர் லிஸ்ட்ல டிபி பேஷன்ட்டையும் சேருங்க தம்பி.

மலையடி_பென்னாகரம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாங்க எல்லாரும் உக்காந்து படிச்சோம். இப்ப மூணு கோரிக்கை எழுதிருக்கோம், சரியான்னு பாருங்க. எங்க துணை சுகாதார நிலைய நர்சம்மாவை எந்த அவசரத்துக்கும் வெளிய அனுப்பக்கூடாது. ஊருக்குள்ளயே 24 மணி நேர ஆஸ்பத்திரி வேணும். நர்சம்மாவுக்கு ஊர்லயே தங்க குவார்ட்டர்ஸ் ரிப்பேர் பண்ணணும். அஞ்செட்டி பக்கத்து நர்சம்மா அவசியம் பதில் சொல்லுங்க.

மலைச்சேவை_நர்சம்மா

தம்பி நல்ல முயற்சி. ஆனா முதல் கோரிக்கையை அப்படியே எழுதினா ஆபீசர் ஒரே வார்த்தைல தள்ளிருவாரு. பெரிய தொத்து வந்தா ஆளை மாத்தித்தான் ஆகணும், தடுப்பூசி போட நாங்க போகலன்னா யார் போவா? 2021ல அந்த முகாம்ல நாங்க இல்லன்னா நம்ம சனம் ஊசியே போட்டிருக்காது. நடிகர் விவேக் இறந்த சமயம், ஊசிதான் காரணம்னு ஒரே பேச்சு, டாக்டருங்க சம்பந்தம் இல்லன்னு டிவில சொல்லியும் யாரும் நம்பல. வீடு வீடா போய் தெலுங்குல கன்னடத்துல பேசி, நான் போட்டுக்கிட்டேன் பாரு, என் வீட்டுக்காரர் போட்டுக்கிட்டார் பாருன்னு கையை காட்டித்தான் கூட்டிட்டு வந்தோம். அதுலயும் கோவிஷீல்டு ரெண்டாவது டோஸ் இடைவெளி முதல்ல 4 வாரம்னாங்க, அப்புறம் 6, அப்புறம் 12ன்னு மாறிட்டே இருந்துச்சு, ஏன் மாறுதுன்னு கேட்டு எங்ககிட்டதான் சண்டைக்கு வருவாங்க. தெரிஞ்ச முகம் சொன்னதாலதான் கேட்டாங்க.

அதனால இப்படி கேளு. நர்சம்மாவை வேற பணிக்கு எடுத்தா வாரத்துல குறைஞ்சது ரெண்டு நாள், அதுல ஒண்ணு புதன்கிழமை, சொந்த ஊர் வேலைக்கு விடணும், இல்லன்னா பக்கத்து நிலையத்துல இருந்து யார் பாக்குறாங்கன்னு பேரும் போன் நம்பரும் பஞ்சாயத்து போர்டுல எழுதி வைக்கணும். இது நடக்கக்கூடிய விஷயம். பிரஷர், சுகர், வலிப்பு, டிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஊரடங்கு மாதிரி வந்தா ரெண்டு மூணு மாசத்து மாத்திரையை ஒரே தடவையா கொடுக்க உத்தரவு வேணும்னு கேளு. உங்க பெரியம்மாவுக்கு அன்னைக்கு இது ஒண்ணு நடந்திருந்தா போதும்.

வீடு தேடி மாத்திரை வர்ற மக்களைத் தேடி மருத்துவம் இப்ப இருக்கு, 2021 ஆகஸ்ட் 5ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் முதலமைச்சர் ஆரம்பிச்சு வச்சாரு. அதுல உங்க ஊருக்கு யார் தன்னார்வலர், மலை மேல இருக்கிற கொட்டாய்ங்களுக்கும் வர்றாங்களா, ரோடு முடியுற இடத்தோட நின்னுர்றாங்களான்னு பாத்துட்டுப் போ. வரலன்னா எந்தெந்த கொட்டாய்னு பேரோட எழுது.

24 மணி நேர ஆஸ்பத்திரி உங்க ஊருக்கே வராது, ஆரம்ப சுகாதார நிலையத்துலதான் மூணு ஸ்டாஃப் நர்ஸ் ஷிப்ட் போட்டு ராத்திரி பிரசவம் பாப்பாங்க. அங்க மூணு பேரும் இருக்காங்களா, காலி இடம் எத்தனை நாளா காலியா இருக்குன்னு கேளு. ஒருத்தர் லீவு, ஒருத்தர் டெபுடேஷன்னு வேற இடத்துக்கு போயிட்டா மிச்சம் இருக்கிற ஒருத்தி பகலும் ராத்திரியும் பாக்கணும், அது எந்த நோயும் இல்லாத சாதாரண காலத்துலயே நடக்குது. கேள்வியை அங்க இருந்து ஆரம்பி.

குவார்ட்டர்ஸ் கோரிக்கை ரொம்ப சரி. கதவுக்கு தாழ்ப்பாள், தண்ணி, கரண்ட், ராத்திரி வெளிய போகாம இருக்க உள்ளயே கக்கூஸ், இது நாலும் எழுது. தனியா தங்குற பொம்பளைக்கு இது இல்லாம தங்க முடியாது, தங்கலன்னு திட்டுறவங்க யாரும் உள்ள போய் பாத்ததில்ல.

கிராம சுகாதார குழுன்னு ஒண்ணு ஒவ்வொரு ஊருக்கும் இருக்கு, வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரும், பஞ்சாயத்தும் நர்சம்மாவும் சேந்து செலவு பண்றது. அந்த குழு கடைசியா எப்ப கூடுச்சுன்னு சபைல கேளு, பசங்க நீங்க யாராவது அதுல உறுப்பினரா சேர முடியுமான்னு பாரு. ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர், ஒரு பிரஷர் மெஷின் ஊர்லயே இருக்க அந்த பணம் போதும்.

முக்கியமா, சபைக்கு போறதுக்கு முன்னாடி உங்க நர்சம்மாகிட்ட இதை எல்லாம் காட்டு. அவங்களுக்கு தெரியாம மேடைல பேசினா அவங்க மேல புகார் சொல்ற மாதிரி ஆகி அவங்களுக்குத்தான் மெமோ வரும். அவங்க வாயால சொல்ல முடியாததை நீங்க தீர்மானமா போட்டா, நகல் வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் போகும். தீர்மான நோட்டுல எழுதி கையெழுத்து ஆகுற வரைக்கும் எந்திரிக்காதீங்க. பொம்பளைங்களை நிறைய கூட்டிட்டு போ, கர்ப்பிணி வீட்டு மாமியாருங்க ரெண்டு பேர் எந்திரிச்சு பேசினா சபை கேக்கும்.

மலையடி_பென்னாகரம்

சரிங்கம்மா, மாத்தி எழுதிடுறோம். நாளைக்கு சாயங்காலம் நர்சம்மா வீட்டுக்கு போறோம். குவார்ட்டர்ஸ் உள்ள நாங்களும் இதுவரை போய் பாத்ததில்ல, அதையும் பாத்து போட்டோவோட சேத்துடுறோம். டிபி அண்ணா, எங்க ஊர் லிஸ்ட் எடுக்க உங்களுக்கு தனியா மெசேஜ் போடுறேன்.

வார்டு_சிஸ்டர்

தம்பி, தீர்மானத்துல இன்னொரு வரி சேக்க முடியுமான்னு பாருங்க. உங்க ஊர்ல இருந்து யாராவது அரசு ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா, உள்ள விடாத நோயா இருந்தா, தினமும் ஒரு தடவை குடும்பத்துக்கு நிலைமையை சொல்ல ஆஸ்பத்திரில ஒரு ஆளும் ஒரு போன் நம்பரும் இருக்கணும்னு. காரிமங்கலம் அண்ணா கேட்டது அது. நாங்க உள்ள இருந்து கேட்டா யாரும் காதுல வாங்க மாட்டாங்க, ஊர்ல இருந்து எழுத்துல வரட்டும்.